எது நல்லம் என்று சொல்லாத மிஸ்

தன் அறைக் கதவின் திறப்பை எடித்தின் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சுபத்திரா மிஸ் நிற்கவில்லை, நடந்துகொண்டேதான் சொன்னார். "உந்த வெயிலுக்க நிக்காதேங்கோ அம்மா. படியேறி இடக்கைப் பக்கம் மூண்டாவது அறை. ஃபான் சுவிட்ச் கதவுக்குப் பின்னால. போத்தலில தண்ணி இருக்கு, குடியுங்கோ." கடைசிச் சொல் வாயைவிட்டு வரும்போது ஆள் மண்டப வாசலைத் தாண்டிவிட்டார்.

அது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளைப் பதிந்த நாள். எடித்தின் மகள் ஜெசிக்கா உள்ளே வரிசையில் நின்றாள். பெற்றோர் வெளியில்தான் நிற்கவேண்டும் என்று காவலாளி சொல்லியிருந்தான். விடத்தல்தீவிலிருந்து இருட்டோடு பஸ் பிடித்து வந்த எடித்துக்கு மரநிழலில் இடம் கிடைக்கவில்லை. மதிலோரம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஊரில் நண்டுச் சதை பிரித்தெடுக்கிற கொட்டிலில் வேலை. அந்தக் கையில் இப்போது பல்கலைக்கழகத்துத் திறப்பு. தன்னை யாரென்று நினைத்துத் தந்தார் என்று அவளுக்கு விளங்கவில்லை. அறை கூட்டவந்த ஆள் என்று நினைத்தாரோ என்ற பயத்தில், அறையைத் திறந்ததும் அவள் முதலில் தேடியது தும்புத்தடியைத்தான்.

அறையில் மூன்று கதிரை இருந்தது. ஒன்றில் புத்தகம். மிஸ்ஸுடைய கதிரையில் ஒரு பூசணிக்காய். எடித் புத்தகம் ஒன்றையும் அசைக்கவில்லை, ஃபானும் போடவில்லை. மூன்றாவது கதிரையின் நுனியில், கோயிலில் பிரசங்கம் கேட்கிறவள் மாதிரி இருந்தாள். சற்று நேரத்தில் பிள்ளைகள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள்.

"மிஸ் இருக்கிறாவோ?"

"இப்ப வருவா தம்பி. இருங்கோ."

"எங்க போனவ எண்டு தெரியுமோ அன்ரி?"

"நடந்து போனவ."

"அப்ப வரமாட்டா," என்றான் ஒருவன் மற்றவனிடம். "வா, நாங்கள்தான் பின்னால போகவேணும்."

சுபத்திரா மிஸ் கலைப்பீடத்தில் விரிவுரையாளர். அதோடு மாணவ ஆலோசகர், ஜெசிக்காவுக்கும் அவர்தான். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளைப் பிரித்து ஒவ்வொரு விரிவுரையாளரிடம் ஒப்படைப்பார்கள். எந்தப் பாடம் எடுக்கலாம், எதோடு எதைச் சேர்க்க முடியாது, பதிவு எப்போது திறந்து எப்போது பூட்டும், புள்ளி இறங்கினால் என்ன செய்வது, இதெல்லாம் அந்தப் பிள்ளை அவரிடம்தான் கேட்கவேண்டும். பிள்ளை கணினியில் பாடத்தைத் தெரிவுசெய்து போட்டாலும், ஆலோசகர் பார்த்துச் சம்மதம் கொடுக்கும்வரை அது நிற்காது. மற்றவர்கள் இந்த வேலையை மேசைக்கு முன்னால் இருந்து செய்வார்கள். சுபத்திரா மிஸ்ஸுக்கு ஓரிடத்தில் இருந்தால் யோசனை வராது. நீளமான விறாந்தையில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடப்பார். பிள்ளையும் கூட நடக்கவேண்டும். சின்னச் சந்தேகத்துக்கு ஒரு சுற்று. பாடம் மாற்றவேண்டும் என்றால் மூன்று சுற்று. படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று வந்த பிள்ளையோடு ஒருமுறை விளையாட்டு மைதானத்தையே சுற்றினாராம். அந்தப் பிள்ளை கடைசியில், "மிஸ், நான் படிக்கிறன், என்னை இருக்க விடுங்கோ" என்று சொல்லித் தரையில் குந்திவிட்டது என்று ஜெசிக்கா வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நடப்பதற்கு வசதியாகச் சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து போடுவார். உயிலங்குளத்தில் வயல்காரக் குடும்பம் அவருடையது. வீட்டில் காய்த்ததெல்லாம் ஸ்கூட்டியில் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வரும். பதிவுக் கந்தோரில் வேலை செய்கிறவர், கன்ரீன்காரர், வாசலில் நிற்கிற காவலாளி, ஒருவருக்கும் தப்ப வழியில்லை, பூசணி வாங்கியே ஆகவேண்டும். தேத்தண்ணியை ஆறவிட்டு மறந்துபோவார். வடையில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கதைப்பார்.

புத்தி சொல்லுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்கவும் வேண்டாம், தானாக வரும். இந்த பஸ்ஸில் ஏறாதே, அதில் பிறேக் சத்தம் சரியில்லை. அந்தக் கடையில் கொப்பி வாங்காதே, மை ஊறும். ஒருநாள் எடித்துக்கே போன் எடுத்தார். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "ஜெசிக்கான்ர அம்மாவோ? பிள்ளையின்ர முகம் வெளிறிப்போச்சு. முருங்கையிலை சுண்டிக் குடுங்கோ. தேசிக்காய் விட்டு." அவ்வளவுதான். போன் நின்றுவிட்டது. அன்றைக்கே எடித் அயல் வீட்டு முருங்கையை ஒடித்தாள்.

இப்படி உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் புத்தி சொல்லுகிற மனிசி, தனக்குச் சம்பளம் தருகிற அந்த ஒரு விசயத்தில் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வார்.

"மிஸ், எந்தப் பாடம் எடுத்தால் நல்லம்?"

"எனக்குத் தெரியாது. நீர் சொல்லும்."

விதிமுறை சொல்லுவார். எத்தனை வருடம், எவ்வளவு புள்ளி வேண்டும், முடித்தவர்கள் எங்கெங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள், எல்லாம் ஒளிக்காமல் சொல்லுவார். எது நல்லம் என்று மட்டும் சொல்லமாட்டார். பிள்ளைகள் அவரைப்போல நடித்துக் காட்டுவார்கள்: கையைப் பின்னால் கட்டி, தலையைச் சரித்து, "எந்த விரிவுரையில மணி பாக்க மறந்தனீர்?" இதுதான் அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

எடித்துக்கு இது பிடிபடவில்லை. படித்த ஆள், எல்லாம் தெரிந்த ஆள், ஒரு சொல் சொன்னால் என்ன? மருந்துக்குப் போனால் வைத்தியர் எந்த மருந்து வேண்டும் என்று எங்களிடமா கேட்கிறார்? இதை அவள் மகளிடம் சொன்னபோது, "அம்மா, மிஸ் அப்பிடித்தான்" என்ற மறுமொழிதான் வந்தது.

இரண்டாம் வருடத்துக்குப் பாடம் தெரிவுசெய்யும் காலம் ஆவணியில் வந்தது. வீட்டுக்குள் இரண்டு பக்கம் உண்டாயிற்று. ஒரு பக்கம் எடித்தின் தமையன் அமிர்தநாயகம். எடித்தின் புருசன் காய்ச்சலில் போன பிறகு, தன் வள்ளத்து உழைப்பில் ஜெசிக்காவைப் படிப்பித்தவர் அவர். பொருளியல் சேர்த்துப் பொதுப்பட்டம் எடு, கெதியாக முடித்துக்கொண்டு வங்கியில் ஏறு என்பது அவர் சொல். "நான் வெயிலுக்க நிண்டது போதும். நீ கதிரையில, ஃபானுக்குக் கீழ இருக்கவேணும்." மற்றப் பக்கம் ஜெசிக்காவின் மனம். அவளுக்குப் புவியியலில் சிறப்புக் கற்கை செய்ய ஆசை. கரை எப்படி அரிபடுகிறது, கண்டல் காட்டுக்குள் சேறு எங்கிருந்து வருகிறது என்று அவள் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். அமிர்தநாயகம் சிரிப்பார்: "கடலைப் பாக்கிறதுக்குக் கம்பஸுக்குப் போகவேணுமே? என்ர வள்ளத்தில ஏறு. சும்மா காட்டுறன்."

மாமனை எதிர்த்துக் கதைக்கிற பிள்ளையல்ல ஜெசிக்கா. ஆசையை விடவும் முடியவில்லை. கடைசியில் அவள் செய்தது மடு மாதா கோயிலுக்கு நடந்துபோகிற சனத்துக்குத்தான் விளங்கும். கணினியில் இரண்டையும் போட்டாள். மாமாவுக்காக ஒன்று, தனக்காக ஒன்று. எதை விடுவது, எதை எடுப்பது என்பதை மடு மாதாவிடம் ஒப்படைத்தாள். திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் முடியுமட்டும் போனைத் தொடுவதில்லை என்று நேர்ந்து, அதை நிற்பாட்டித் தாயின் கையில் கொடுத்தாள். திருநாள் முடிந்து வந்து பார்க்கும்போது எது சம்மதமாகி இருக்கிறதோ அது மாதாவின் விருப்பம். எடித் அந்தப் போனைப் பழைய துண்டில் சுற்றி உடுப்புப் பெட்டியின் அடியில் வைத்தாள். மகளின் விசுவாசத்தை நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிழை ஒன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மடுவில் விடத்தல்தீவு ஆட்கள் வருடா வருடம் ஒரே இடத்தில்தான் கூடாரம் அடிப்பார்கள். பெரிய பாலை மரம் ஒன்று, அதைச் சுற்றி. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்து சனம் உலை வைக்கிற நேரம். சோளகக் காற்று செம்மண்ணை அள்ளிக் கறிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. எடித் பருப்புச் சட்டியை மூடக் குனிந்தபோது, ஒரு ஸ்கூட்டி கயிறுகளுக்குள்ளால் நெளிந்து வந்து அவள் அடுப்புக்கு முன்னால் நின்றது. ஓட்டிவந்த ஆள் தலையிலிருந்து சப்பாத்துவரை செம்மண். தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் யாரென்று தெரிந்தது.

"அம்மா, உந்தக் கயிறு இளகிக் கிடக்கு. காத்துக்குக் கூடாரம் போயிடும்," என்றார் சுபத்திரா மிஸ். "ஜெசிக்கா எங்க?"

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஜெசிக்கா அவரைக் கண்டதும் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கூடாரத்துக்குள் சாய்ந்திருந்த அமிர்தநாயகம் எழும்பிப் போட ஒரு சேட்டுத் தேடினார்.

மிஸ்ஸுக்கு இருக்கக் கதிரையில்லை, இருந்திருந்தாலும் இருந்திருக்கமாட்டார். அடுப்புக்கும் மரத்துக்கும் இடையில் நடந்துகொண்டே சொன்னார். "ரெண்டையும் போட்டிருக்கிறீர். ரெண்டும் ஒண்டோட ஒண்டு சேராது. உம்மட பேருக்கு நேர சிவப்பாக் காட்டுது. நான் சம்மதம் குடுக்க ஏலாது. இண்டைக்கு நாலு மணிக்குப் பதிவு பூட்டுது. அதுக்குள்ள ஒண்டு நிக்காட்டி, கணினி ரெண்டையும் வெட்டிப்போடும். பிறகு ஒரு வருசம் வீட்டில இருந்து, பின்னால வாற பிள்ளையளோடதான் படிக்கவேணும். கிழமை முழுக்க உமக்குப் போன் எடுக்கிறன், நிப்பாட்டிக் கிடக்கு; அம்மாவுக்கும் கிடைக்கேல்ல, ஊரில கேட்டுத்தான் இஞ்ச வந்தனான். ஏன் பிள்ளை?"

ஜெசிக்கா தன் நேர்த்திக்கடனைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சத்தம் குறைந்துகொண்டு போயிற்று.

"மாதாவுக்கு எங்கட கணினியில கணக்கில்லை பிள்ளை," என்றார் மிஸ்.

எடித்தின் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. முகமும் காட்டியிருக்கவேண்டும். சுபத்திரா மிஸ் நடையை நிறுத்தினார். கூடாரத்து வாசலில் பெட்டிக்கு மேல் மாதா சுரூபமும் மெழுகுதிரியும் இருந்ததை அப்போதுதான் கண்டார் போல. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"குறை நினையாதேங்கோ அம்மா. வாய் முந்திப் போச்சு. நானும் திருக்கேதீச்சரத்துக்கு நேர்ந்து நடக்கிறனான். நேர்த்தி எண்டால் என்னெண்டு தெரியும். போனைத் தொடச் சொல்லமாட்டன்." தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இணையம் இல்லாத பிள்ளையளுக்குக் கையால எழுதித் தர விதி இருக்கு. எழுதிக் கையெழுத்து வச்சால் நான் படம் எடுத்துக் கந்தோருக்கு அனுப்புவன். ஆனால் எழுதுறது ஒண்டுதான். ரெண்டுக்கு இடமில்லை."

எடித் தேத்தண்ணி போட்டாள். சீனியில் பாதி மண்ணில் கொட்டியது. ஒரு வருடம்! கொட்டிலில் கூட வேலை செய்கிறவர்களுக்கு என்ன சொல்லுவது? அதைவிட, இந்தப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் பிறகு போகுமா? கலியாணப் பேச்சு வரும், படிப்பு அப்படியே நின்றுவிடும். ஊரில் அப்படி நின்ற பிள்ளைகளை அவள் கண்டிருக்கிறாள்.

அமிர்தநாயகம் இருமியபடி சேட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு மிஸ். நீங்களே சொல்லுங்கோ. ரெண்டில எது நல்லம்?"

"எனக்குத் தெரியாது ஐயா."

"தெரியாதோ? ஆலோசகர் எண்டெல்லோ உங்களுக்குப் பேர்?"

"பேர் அவங்கள் வச்சது. நான் என்ன செய்ய?" மிஸ் மரத்தடிவரை போய்த் திரும்பினார். "பொதுப்பட்டம் மூண்டு வருசம். சிறப்புக் கற்கை நாலு. பொருளியல் படிச்ச எல்லாரும் வங்கிக்குப் போகேல்ல. புவியியல் படிச்ச எல்லாருக்கும் வேலை கிடைக்கேல்ல. ரெண்டுக்கும் பிள்ளைக்குப் புள்ளி போதும். இது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். ஐயா, உங்களுக்கு இந்த இருமல் எவ்வளவு நாளா? தூதுவளை போட்டு ரசம் வச்சுக் குடியுங்கோ."

"இருமலுக்கு மருந்து தெரியுது. பிள்ளையின்ர படிப்புக்குத் தெரியேல்ல," என்றார் அமிர்தநாயகம் தங்கையைப் பார்த்து.

அடுத்த கூடாரத்துக்காரி ஒருத்தி சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு ஜெசிக்காவின் பக்கம் திரும்பினார். அவள் இன்னும் குடத்தை இறக்கவில்லை.

"நீர் சொல்லும். எந்த விரிவுரையில மணி பாக்க மறந்தனீர்?"

ஜெசிக்கா மாமனைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "கரை அளக்கப் போன அண்டைக்கு மிஸ். தண்ணி வத்தினதும் தெரியேல்ல, திரும்ப ஏறினதும் தெரியேல்ல. பஸ்காரர் ஹோர்ன் அடிச்ச பிறகுதான் பாத்தால், எல்லாரும் ஏறிட்டினம். நான் மட்டும் சேத்துக்க நிக்கிறன்."

"பொருளியலில?"

"அந்த மண்டபத்து மணிக்கூட்டுக்குப் பின்னால ஒரு பல்லி இருக்கு மிஸ். அது எத்தினை மணிக்கு வெளியில வரும் எண்டும் தெரியும்."

அமிர்தநாயகத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு குரலை உயர்த்தினார். "சிரிக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. நாளைக்குச் சோறு போடுறது ஆர்? பல்லியோ, சேறோ? இஞ்ச பார் ஜெசி, நான் உனக்குக் கெடுதல் நினைப்பனோ? பொருளியலை எழுது. எழுதிக் குடுத்துப்போட்டு மிஸ்ஸை அனுப்பு. பாவம், வெயிலுக்க வந்து நிக்கிறா."

ஜெசிக்கா குடத்தை இறக்கினாள். தாளை வாங்கினாள். எழுதுவதற்கு இடம் தேடுகிறவள் மாதிரி அங்கும் இங்கும் பார்த்தாள். அவள் என்ன எழுதப்போகிறாள் என்று எடித்துக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் ஆசைப்பட்ட சட்டையை விட்டுவிட்டு மாமா காட்டிய சட்டையை எடுக்கும்போதும் இதே முகம்தான்.

எட்டு நாளாக எடித் கேட்ட செபம் ஒன்றே ஒன்றுதான்: தாயே, எது என்று காட்டும். மெழுகுதிரி கொளுத்திக் கேட்டாள். முழங்காலில் நின்று கேட்டாள். இப்போது செம்மண் பூசிய ஒரு மனிசி வெறுங்காலோடு அவள் அடுப்படியில் நின்று, மகளிடம் நீர் சொல்லும் என்கிறார். மகள் சொல்லியும் விட்டாள். கேட்காதவர்கள் மாதிரி இருந்தால் அது யாருடைய பிழை?

அவள் சுரூபத்தையும் திரியையும் மெதுவாகத் தூக்கிப் பாய்மேல் வைத்தாள். பெட்டியை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டாள். மேலே படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

"அண்ணை," என்றாள். தமையனைப் பார்க்கவில்லை, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "பிள்ளை தான் சொன்னதை எழுதட்டும்."

எடித் தமையனுக்கு முன்னால் ஒரு கருத்து என்று சொன்னது அதுதான் முதல்முறை. அமிர்தநாயகம் தங்கையைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், பேச வாயெடுத்தார். பிறகு நிறைந்திருந்த குடத்துக்குப் பக்கத்தில் கிடந்த வெறும் பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு, "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று தண்ணீர்ப் பவுசர் வண்டி நின்ற பக்கம் போனார்.

ஜெசிக்கா பெட்டியில் குனிந்து எழுதினாள். மிஸ் அவள் எழுதுவதைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு இளகிய கயிற்றை இழுத்துக் கட்டினார். எழுதி முடித்ததும் வாங்கி, ஓரெழுத்து விடாமல் வாசித்து, தானும் கையெழுத்து வைத்துப் படம் எடுத்தார். போனை உயர்த்தினார். சிக்னல் இல்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் போனார், இல்லை. அவ்வளவு சனம் ஒரே இடத்தில் நின்றால் போன் எப்படி வேலை செய்யும்?

"அம்மா, ஏறுங்கோ," என்றார் சப்பாத்தை மாட்டிக்கொண்டே. "இந்த இடம் எனக்குப் பழக்கமில்லை. எங்க சிக்னல் பிடிக்கும்?"

எடித்துக்கு அதெங்கே தெரியும்? என்றாலும் ஏறினாள். வாழ்க்கையில் ஸ்கூட்டியில் ஏறியது கிடையாது. ஒரு கையில் தாள், மறு கையால் மிஸ்ஸின் தோள். கூடாரங்களுக்கு வெளியே வந்ததும், கானோடு அமிர்தநாயகம் குறுக்கே நின்றார்.

"எழுதியாச்சோ?"

"ஓம் அண்ணை."

"கடலோ?"

"கடல்தான்."

அவர் கானைக் கீழே வைத்தார். சாறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அதிகநேரம் எடுத்தார். "அப்ப படிச்சு முடிச்சு, நண்டு எங்க நிக்குதெண்டு முதல்ல எனக்குத்தான் சொல்லவேணுமாம் எண்டு சொல்லு," என்றார். பிறகு கையை நீட்டினார். "சந்திப் பக்கம் போகாதேங்கோ மிஸ், அங்க பொலிசும் சனமும். உந்த ஒழுங்கையால போய்க் குளக்கட்டில ஏறுங்கோ. நேற்று நான் அங்க நிண்டுதான் வீட்டுக்குக் கதைச்சனான்."

குளம் வற்றி நடுவில் ஒரு தட்டுத் தண்ணீரும் நாலு கொக்கும் மட்டும் மிச்சம் இருந்தன. குளக்கட்டில் ஏறியதும் மிஸ் ஸ்கூட்டியை நிறுத்தினபாட்டில் இறங்கி நடக்கத் தொடங்கினார். கையை உயர்த்திப் பத்தடி போவார், போனைப் பார்ப்பார், திரும்புவார். எடித் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். தான் ஏன் நடக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"போகுது... போகுது... நிண்டிட்டுது," என்றார் மிஸ். "அம்மா, நீங்கள் செபம் சொல்லுறதை நிப்பாட்டாதேங்கோ."

இரண்டாம் முறை அனுப்பினார். படம் போனது. கந்தோருக்கு அழைப்பெடுத்து, கிடைத்ததா என்று கேட்டு, பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, பதிந்துவிட்டோம் என்று அந்தப் பக்கம் சொல்லும்வரை விடவில்லை. சிவப்பு போய்விட்டது என்று எடித்துக்குக் காட்டினார். எடித்துக்கு அந்த எழுத்து விளங்கவில்லை. நிறம் விளங்கியது. அவள் அழுதாள். மிஸ் அவளைத் தேற்றவில்லை. தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு மறுபக்கம் பார்த்தார்.

"மிஸ், காலையில இருந்து ஏதும் சாப்பிட்டனீங்களோ? வாங்கோ, பருப்பும் சோறும் இருக்கு. ஒரு பிடி தின்னாமல் அனுப்பமாட்டன்."

மிஸ் வாய் திறக்கமுன் போன் சத்தம் போட்டது. பார்த்தார். முகம் திரும்பவும் பழையபடி ஆயிற்று. "நானாட்டானில கிருஷாந்தன் எண்டொரு பிள்ளை. அவரின்ர பேரும் இப்ப சிவப்பாப் போச்சு. வயல் வெட்டுக்குப் போயிட்டாராம், போனை வீட்டில வச்சிட்டு." தலைக்கவசத்தை எடுத்தார். "உங்களைக் கூடாரத்தடியில விட்டுட்டுப் போறன், ஏறுங்கோ."

"நான் நடப்பன் மிஸ். கிட்டத்தானே. நீங்கள் போங்கோ, நேரம் போகுது."

அந்தக் குளக்கட்டில்தான் எடித் அவரைக் கடைசியாகக் கண்டது. ஜெசிக்கா இப்போது சிறப்புக் கற்கைக்குப் போகிறாள். சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்கு வருகிறாள். மிஸ் இப்போதும் விறாந்தையில் நடக்கிறாராம்.

அன்றைக்கு ஸ்கூட்டி கிளம்புகிற நேரம், எடித் ஓடிப்போய்க் கைபிடியைப் பிடித்தாள். மகள் முன்னால், தமையன் முன்னால் கேட்க முடியாததை அங்கே, ஒருவரும் இல்லாத இடத்தில் கேட்டாள்.

"மிஸ், எனக்கு மட்டும் சொல்லுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பிள்ளை எடுத்தது நல்லமோ?"

சுபத்திரா மிஸ் தலைக்கவசத்துக் கண்ணாடியை மேலே தள்ளி அவளைப் பார்த்தார். அவருக்கும் சொல்ல ஆசை இருந்தது போலத்தான் எடித்துக்குப் பட்டது.

"தெரியாது அம்மா," என்றார். எடித்தின் கையைக் கைபிடியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். ஸ்கூட்டி கொஞ்சத்தூரம் உருண்டது. காலை ஊன்றி நிறுத்தித் திரும்பினார். "பிழைச்சுதெண்டால் எந்த நேரமெண்டாலும் என்னட்ட வரச் சொல்லுங்கோ. சரிவந்துதெண்டால் என்னை நினைக்கத் தேவையில்லை."